லயத்து வீடுகளில் நடந்த ஊழியம்

கிறிஸ்தவ விசுவாசத்தை அன்றாட வாழ்க்கையில் நடத்திக் காட்டுவதும், கேட்பவருக்கு அதை எடுத்துச் சொல்வதும் போதகருக்கு மட்டும் உரிய வேலையல்ல. ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவருக்கும் அதில் பங்குண்டு என்று திருச்சபைகள் போதிக்கின்றன. மத்தேயு எழுதிய நற்செய்தியின் 28-ஆம் அதிகாரத்தில் இயேசு சீடர்களுக்குக் கொடுத்த கட்டளை இதற்கு அடிப்படை. அதைச் செய்யும் விதத்தைப் பேதுருவின் முதல் நிருபம் (3:15) வரையறுக்கிறது: நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டும், அதையும் பணிவோடு சொல்ல வேண்டும். மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா வட்டாரத்தில், ரப்பர் பால் வெட்டிப் பிழைத்த தமிழரிடையே இந்தப் பணி பெரும்பாலும் மேடையில் நடக்கவில்லை. வீட்டுத் திண்ணையில் நடந்தது.

விசுவாசம் இப்படி வீடுகள் வழியாகப் பரவுவது மலாக்காவுக்குப் புதிதல்ல. 1542 முதல் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார், 1545-இல் மயிலாப்பூரிலிருந்து கப்பலேறி மலாக்கா வந்தார். முத்துக்குளித்துறையில் தமிழறிந்தவர்களின் உதவியோடு மன்றாட்டுகளைத் தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்து கற்பித்தவர், மலாக்காவில் அதே முறையில் அவற்றை மலாயில் ஆக்கிக்கொண்டார். தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டுவார்; பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் வேலையாட்களுக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். 1641-இல் டச்சுக்காரர் நகரைப் பிடித்துக் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தபோது, போர்த்துகீசிய வழிவந்த செராணிக் குடும்பங்கள் வீடுகளுக்குள்ளேயே செபித்துத் தங்கள் விசுவாசத்தைக் காத்தன. தடை தளர்ந்த பிறகுதான், 1710-இல், புனித பேதுரு ஆலயம் எழுந்தது.

தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாக வந்தது ரப்பர் காலத்தில். கங்காணி திரட்டிக் கொண்டுவந்த கூட்டத்தில் பெரும்பாலோர் இந்துக்கள்; கிறிஸ்தவர் சிறு தொகையினர். அவர்களில் கத்தோலிக்கரும் இருந்தனர், ஆங்கிலிக்கரும் இருந்தனர், தரங்கம்பாடி மரபில் வந்த லுத்தரன்களும் இருந்தனர். 1885-இல் சிங்கப்பூரில் தொடங்கிய மெதடிஸ்ட் பணியும் தீபகற்பத்துக்குள் பரவித் தமிழரிடையே சபைகளை நிறுவியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிறிஸ்தவர் பலர் கிராணிகளாகவும் (எழுத்தர்களாகவும்) ஆசிரியர்களாகவும் அமர்ந்தார்கள்.

தோட்டங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருந்தன. குருவோ போதகரோ எல்லா வாரமும் வர முடியாது. இடைப்பட்ட வாரங்களில் உபதேசியார் கூட்டம் நடத்துவார். அவரும் இல்லாத இடத்தில் வேதம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் நடத்துவார். விடியுமுன் பெரட்டு (ஆள்கணக்கு எடுப்பு), மதியம்வரை பால் வெட்டு என்று ஓடிய தோட்ட வாழ்வில் ஜெபக்கூட்டத்துக்கு மிஞ்சியது மாலை நேரம்தான். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து அமைந்த வீடுகள். பிரிப்பது மெல்லிய சுவர்தான். ஒரு வீட்டில் கீர்த்தனை பாடினால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமல் இருக்க முடியாது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் கர்நாடக இசை மெட்டுகளில் பாடல்களை அமைத்து வைத்திருந்ததால், கேட்பவருக்கு இசையாவது அந்நியமாக இல்லை. அழைப்பிதழ் அச்சிட்டு ஊரைக் கூட்டுவதைவிட இந்த ஏற்பாடு அதிகம் செய்தது என்று சொல்லலாம்.

பாட்டையும் ஜெபத்தையும்விட நடத்தையே பெரிய சாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. லயத்தில் யாரும் எதையும் மறைக்க முடியாது. சம்பள நாளில் ஒருவன் கள்ளுக்கடைக்குப் போகிறானா, வீட்டுக்கு வருகிறானா, மனைவியை அடிக்கிறானா என்பது வரிசை முழுவதற்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசித்தவர் திங்கட்கிழமை எப்படி இருந்தார் என்பதை அக்கம்பக்கம் அளந்து பார்த்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஊர்க் கடிதத்தை வாசித்துக் காட்டுவது, பிரசவ வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோவது, துக்க வீட்டில் இரவெல்லாம் துணையிருப்பது போன்றவற்றை யாரும் ஊழியம் என்று பெயரிட்டுச் செய்யவில்லை.

சாதாரண விசுவாசியின் இந்தப் பங்கை நிறுவனத் திருச்சபை ஏட்டளவில் முழுமையாக ஏற்கச் சற்றுக் காலம் பிடித்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி குறித்துத் தனி ஆவணமே வெளியிட்டது. 1974-இல் லோசான் மாநாட்டில் கூடிய புராட்டஸ்டண்ட் தலைவர்கள், நற்செய்தி அறிவிப்பும் சமூகப் பொறுப்பும் இரண்டுமே கிறிஸ்தவக் கடமை என்று அறிக்கையிட்டார்கள். தீபகற்ப மலேசியாவில் இதைச் செயலில் காட்டியது 1976 ஆகஸ்டு. கத்தோலிக்கக் குருக்கள் ஒரு மாதம் பினாங்கில் கூடி ஆலோசித்தபோது, பங்குகளில் வழிபாட்டை மக்களே முன்னின்று நடத்தினார்கள். மலாக்கா அப்போது 1972-இல் உருவான மலாக்கா–ஜொகூர் மறைமாவட்டத்தில் இருந்தது. அடுத்த ஆண்டுகளில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கும் அடிப்படைக் கிறிஸ்தவ சமூகங்கள் வேர்விட்டதற்கு இந்த அனுபவம் ஒரு காரணம்.

பிறகு தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. தமிழ்க் குடும்பங்கள் அலோர் காஜா, மஸ்ஜித் தானா, துரியான் துங்கால், புலாவ் செபாங் போன்ற பட்டணங்களின் தாமான்களுக்கும் (வீடமைப்புக் குடியிருப்புகளுக்கும்) தொழிற்சாலை வேலைகளுக்கும் இடம்பெயர்ந்தன. லயம் கொடுத்த நெருக்கம் தாமானில் இல்லை. கதவுக்கு முன் இரும்புக் கேட் வந்துவிட்டது. இன்றைய ஊழியம் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுப்பது, குடிப்பழக்கத்தால் சிதைந்த குடும்பத்துக்குத் துணைநிற்பது, பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாதவரோடு பதிவு இலாகாவுக்குப் போய் நிற்பது என்று வேறு உருவம் எடுத்திருக்கிறது.

மலேசியாவில் இதற்குச் சட்ட எல்லையும் உண்டு. அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு, எவரும் தம் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு 11(4) அதிகாரம் அளிக்கிறது. மலாக்காவிலும் அத்தகைய சட்டம் நடப்பில் உள்ளது. எனவே தமிழ்க் கிறிஸ்தவரின் சாட்சி பெரும்பாலும் இந்து உறவினரையும் அண்டை வீட்டாரையுமே எட்டுகிறது. அங்கே உரசலும் உண்டு. பொருளுதவி காட்டி மதம் மாற்றுவதாக எழும் குற்றச்சாட்டு இங்கே பழையது. உதவி பெற்றவரைக் கூட்டத்துக்கு வந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சபை, அந்தக் குற்றச்சாட்டுக்குத் தானே ஆதாரம் தருகிறது. குலதெய்வத்தை இழித்துப் பேசும் பிரசங்கமும் அப்படியே. பேதுருவின் நிருபம் கேட்கும் பணிவு அதில் இல்லை.

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் சுமார் 86 விழுக்காட்டினர் இந்துக்கள், 6 விழுக்காட்டினர் கிறிஸ்தவர். அண்ணன் கோயிலுக்கும் தம்பி தேவாலயத்துக்கும் போகும் குடும்பங்கள் அலோர் காஜாவிலும் உண்டு. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் இருவரும் ஒரே பந்தலில் உட்கார வேண்டியிருக்கிறது.