மேசைமேல் ஒரு போர்க்களம்

சதுரங்கம் பாரத நாடு உலகுக்கு அளித்த விளையாட்டு. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையையும் 64 கட்டங்களுள் அடக்கிய அவ்வாட்டம் பாரசீகம், அராபியா வழியாக ஐரோப்பாவை அடைந்தமை யாவரும் அறிந்ததே. அதன் வழித்தோன்றல் ஒன்று இன்று மேல்நாடுகளிற் பெரிதும் வளர்ந்திருக்கின்றது. சிற்றுருவப் படைவீரரை மேசைமேல் நிறுத்தி, அளவுகோலும் தாயக்கட்டையும் கொண்டு ஆடும் போர் விளையாட்டே அது. அதற்கெனத் தனிச் சஞ்சிகைகள் உள; வீரர் உருவங்களை வார்ப்பதற்கென்றே தொழிற்சாலைகள் உள. இவற்றின் தரம் எத்தகையது? மாணவர்க்கு இவற்றாற் பயன் உண்டா? சிறிது ஆராய்வோம்.

அரசவையிலிருந்து வீட்டுக்கு

1780ஆம் ஆண்டில், ஜேர்மனியின் பிறவுன்ஸ்விக் நகரில் வாழ்ந்த ஹெல்விக் என்பார் சதுரங்கப் பலகையைப் பெரிதாக்கி, மலை, நீர், சதுப்பு என நிலவகைக்கேற்பக் கட்டங்களுக்கு நிறமிட்டார். பிரஷிய நாட்டு றைஸ்விற்ஸ் என்பார் 1812இல் தாம் அமைத்த போர் மேசையைத் தம் மன்னருக்குக் காட்டினார். அவர் மைந்தர் 1824இல் வெளியிட்ட விதிநூல் இராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்குரியதாயிற்று. கட்டங்கள் மறைந்தன, நிலப்படம் வந்தது. எதிரி எங்குளான் என்பதை முழுதும் அறியாமலே கட்டளையிட வேண்டிய நிலை உண்டாயிற்று. நடுவர் ஒருவர் தாயக்கட்டையின் துணையோடு இழப்புக்களைக் கணித்துக் கூறினார்.

இங்கிலாந்தில், 1893இல் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் ஈய வீரரை உட்குழிவாக வார்க்கும் முறையைக் கண்டது. எடை குறைந்தது; விலையும் குறைந்தது. அத்தகைய வீரரையும், மரக்குண்டு எறியும் வில்விசைப் பீரங்கியையும் கொண்டு வீட்டில் ஆடும் முறையை 1913இல் ‘சிறிய போர்கள்’ என்னும் நூலில் வகுத்தவர், விஞ்ஞானப் புனைகதைகளாற் புகழ்பெற்ற எச். ஜி. வெல்ஸ் ஆவார்.

சஞ்சிகையின் தரம்

1957இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜாக் ஸ்குரூபி என்பார் ‘வோர் கேம் டைஜஸ்ட்’ என்னும் சிற்றேட்டைத் தொடங்கினார். 1962இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் டொனால்ட் பெதர்ஸ்டோன் ‘வோர்கேமர்ஸ் நியூஸ்லெற்றர்’ என்னும் ஏட்டைத் தொடங்கி 1980 வரை நடத்தினார். இவர் இரண்டாம் உலகப் போரில் தாங்கிப் படையிற் பணிபுரிந்தவர். பின்னர் உடற்பயிற்சி வைத்தியத்தைத் தொழிலாகக் கொண்டவர். இவ்வேடுகள் தோற்றத்தில் எளியவை. ஆயின், வாசகரே எழுதினர்; வாசகரே வாதிட்டனர். ஒருவர் தாம் கண்ட விதியைக் கூற, மற்றொருவர் அதனை ஆடிப் பார்த்துக் குறை காட்டினார்.

1983இல் ‘மினியேச்சர் வோர்கேம்ஸ்’, 1987இல் ‘வோர்கேம்ஸ் இலஸ்ட்ரேட்டட்’ என்பன தோன்றின. வண்ணப் படங்கள் மலிந்தன. கேம்ஸ் வேர்க்ஷொப் நிறுவனம் 1977இல் தொடங்கிய ‘வைட் டுவார்ஃப்’ முதலிற் பலர் தயாரித்த விளையாட்டுக்களையும் பேசியது. 1980களின் இறுதியளவில் தன் நிறுவனத்தின் பொருள்களையே பேசும் ஏடாயிற்று. அதன் படங்கள் அழகியவை என்பதில் ஐயமில்லை. எனினும், தன் சரக்கைத் தானே புகழும் ஏட்டில் நடுநிலையான மதிப்புரையை எதிர்பார்த்தல் அரிது.

நல்ல சஞ்சிகையை மூன்று அடையாளங்களால் அறியலாம். போரின் வரலாற்றை இரு தரப்பின் நிலையிலிருந்தும் நிலப்படத்தோடு கூறுவது ஒன்று. உருவத்துக்கு வண்ணந்தீட்டவும், அட்டையாலும் மரத்தூளாலும் மலையும் வயலும் அமைக்கவும் கைப்பழக்கம் கற்பிப்பது மற்றொன்று. விற்பனைக்கு வரும் பொருளின் குறையையும் அஞ்சாது கூறுவது மூன்றாவது. இவை இல்லையேல், தாள் எத்துணை வழவழப்பாயினும் அது விலைப்பட்டியலேயாகும்.

உருவங்களின் தரம்

உலோக உருவம் பிறக்கும் வகை அறியத்தக்கது. சிற்பி பசைக்களிம்பால் மூலவுருவைச் செய்கின்றார். அதனை இறப்பர்த் தட்டுக்களிடையே வைத்து வெப்பமும் அழுத்தமும் கொடுக்க அச்சு உருவாகின்றது. அவ்வச்சைச் சுழற்றி நடுவில் உருகிய உலோகத்தை வார்க்க, அது சுழற்சியின் விசையால் நுண்ணிய மூலைகளிலும் பாய்கின்றது. பிளாஸ்டிக் உருவத்துக்கோ உருக்கு அச்சு வேண்டும். அச்சுக்குப் பெருஞ்செலவாகும், ஆயின், பல்லாயிரம் வார்க்கும்போது ஒவ்வொன்றின் அடக்கவிலையும் சிறிதாகும். பழைய உருவங்களிற் பெரும்பாலும் ஈயம் கலந்திருந்தது. அது நஞ்சாதலின், அவற்றைச் சிறு பிள்ளைகளின் கையிற் கொடுத்தலாகாது.

உருவம் வாங்குமுன் அளவை நோக்குதல் வேண்டும். 28 மில்லிமீற்றர், 15 மில்லிமீற்றர், 6 மில்லிமீற்றர் எனப் பல அளவுகள் உள. இங்கே மாணவர்க்கு ஓர் அழகிய கணக்கு உண்டு. 170 சதமமீற்றர் உயரமுள்ள மனிதனை 28 மில்லிமீற்றராக்கினால், அளவு ஏறக்குறைய அறுபதில் ஒன்று. அவ்வளவின்படி 100 மீற்றர் தூரம் 1.67 மீற்றராகும், ஒரு துப்பாக்கியின் எட்டத்துக்கே மேசை முழுவதும் போய்விடும்! ஆதலின் நிலத்தின் அளவை உருவத்தின் அளவினும் சுருக்குகின்றனர். ஓர் உருவம் 20 வீரரைக் குறிப்பதாகக் கொள்வதும் உண்டு. இரு தாயக்கட்டைகளை எறிந்தால் வரக்கூடிய 36 வகைகளுள் ஏழு ஆறு வகையாலும், பன்னிரண்டு ஒரே வகையாலும் வருமென்னும் நிகழ்தகவுப் பாடமும் இங்கே கைகூடுகின்றது.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுமென்பதில்லை. அட்டையில் வெட்டிய துண்டுகளும் விதிப்படி ஆடப் போதுமானவை. உருவம் கண்ணுக்கு விருந்து. ஆட்டத்தின் அறிவு விதியிலும் வரலாற்றிலுமே உளது.

போரை விளையாட்டாக்கலாமா?

இது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. 2009 வரை போரோடு வாழ்ந்த நாடு நமது. பொம்மைத் துப்பாக்கியையும் காணச் சகியாத தாய்மார் நம்மிடையே இருப்பராயின், அவர்தம் உள்ளத்தைப் பழித்தல் எவர்க்கும் தகாது.

வெல்ஸ் இதற்கு விடை கூற முயன்றார். மேசைமேற் சில முறை ஆடியவன், மெய்யான போர் எத்துணைத் தடுமாற்றமும் மதியீனமும் நிறைந்தது என்பதை உணர்வான் என்பது அவர் கருத்து. ஆயின், நூல் வெளிவந்த மறு ஆண்டே, 1914இல், முதலாம் உலகப் போர் மூண்டது. விளையாட்டு அதனைத் தடுக்கவில்லை. பிரஷிய அதிகாரிகளோ அதே விளையாட்டைப் போரைத் திறம்பட நடத்துவதற்கே பயின்றனர். எனவே, நன்மையும் தீமையும் உருவங்களில் இல்லை. அவற்றோடு சேர்த்து நாம் கற்பிப்பதிலேயே உள.

வெற்றியை மட்டும் வண்ணப் படமாக்கும் ஏடு, போரைத் திருவிழாவென்று பிள்ளையை நம்பச் செய்யும். அப்போர் ஏன் மூண்டது, எத்தனை பேர் மாண்டனர், ஊரவர் என்னாயினர் என்பவற்றையும் கூறும் ஏடு அவனைச் சிந்திக்கச் செய்யும். பெற்றோர் இத்தகைய சஞ்சிகையை வாங்குமுன் தாமே ஒருமுறை படித்தல் நன்று. ஆட்டம் முடிந்தபின் வீழ்ந்த வீரர் யாவரும் மீண்டும் பெட்டிக்குள் எழுந்து நிற்பர். மெய்யான களத்தில் அவ்வாறு எழுவார் இலர். இவ்வேறுபாட்டைப் பிள்ளைக்கு எடுத்துரைக்கும் பொறுப்பு எந்தச் சஞ்சிகைக்கும் முன்னே நம்முடையதாகும்.