இதயத்தசை இறப்பில் சமிக்ஞை நொதியங்கள்

இதயத்தசைக்குக் குருதி வழங்கும் முடியுருத் தமனி அடைபடுவதால் அத்தசையின் உயிரணுக்கள் இறப்பது மாரடைப்பு எனப்படுகிறது. இவ்விறப்பு ஆக்சிசன் பற்றாக்குறையால் மட்டும் நிகழ்வதன்று. உயிரணுவினுள் செய்திகளைக் கடத்தும் சமிக்ஞை நொதியங்களுக்கும் இதில் பெரும் பங்குண்டு.

பொறிமுறை

குருதியோட்டம் நின்றதும் உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி குறைகிறது, அமிலத்தன்மை கூடுகிறது, சோடியமும், அதைத் தொடர்ந்து கால்சியமும் உயிரணுவினுள் மிகுகின்றன. அடைப்பு நீங்கிக் குருதி திரும்பும்போதும் கால்சியம் பெருகுவதால் சேதம் உண்டாகிறது. இது மீள்குருதியோட்டச் சேதம் எனப்படும்.

இம்மாற்றங்களால் தூண்டப்படும் நொதியங்களுள் சில:

* கால்பெயின்: உயிரணுவின் சட்டகப் புரதங்களை வெட்டுகிறது.
* கால்மொடுலின் சார் கைனேசு 2: கால்சியக் கசிவை மிகுவிக்கிறது.
* புரதக் கைனேசு சி-டெல்ட்டா: இழைமணிகளைச் சென்றடைந்து இறப்பைத் தூண்டுகிறது.
* காசுபேசுகள்: உயிரணுவின் திட்டமிட்ட இறப்பை நிறைவேற்றுகின்றன.

இழைமணிச் சவ்வில் பெருந்துளை திறந்துகொண்டால் உயிரணு பிழைப்பதில்லை.

காக்கும் நொதியங்கள்

மாறாக, ஏகேடி, ஈஆர்கே ஆகிய கைனேசுகள் அத்துளை திறப்பதைத் தடுக்க உதவுகின்றன. 1986 ஆம் ஆண்டு அமெரிக்காவில் மரி, செனிங்சு, ரைமர் ஆகியோர் நாய்களில் ஆய்வு செய்தனர். 5 நிமிட அடைப்பை 4 முறை முன்னதாக ஏற்படுத்தியபோது, பின்னர் வந்த 40 நிமிட அடைப்பில் இறந்த தசையின் அளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. இதயத்தசை தன்னைத்தானே காத்துக்கொள்ளும் வழி உடையது என்பதை இது காட்டியது.

மருந்து ஆய்வுகள்

புரதக் கைனேசு சி-டெல்ட்டாவைத் தடுக்கும் டெல்காசெர்ட்டிப், பி38 கைனேசைத் தடுக்கும் லோசுமாப்பிமோட் ஆகியன மாரடைப்பு நோயாளிகளிடம் ஆராயப்பட்டன. முறையே 2014, 2016 ஆம் ஆண்டுகளில் வெளியான முடிவுகளில் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. ஆதலால் அடைப்பை விரைந்து நீக்குவதே இன்றும் முதன்மைச் சிகிச்சையாகும்.

வேலூர் வட்டாரம்

ஆம்பூர், வாணியம்பாடி முதலிய தோல் தொழில் நகரங்கள் வேலூரின் பெரிய மருத்துவமனைகளுக்குத் தொலைவில் உள்ளன. ஆம்பூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 50 கி.மீ. இத்தகைய தொலைவைக் கருத்திற்கொண்டு 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் ஒரு திட்டம் ஆராயப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அதன் மைய மருத்துவமனைகளுள் ஒன்று. அருகிலுள்ள சிறிய மருத்துவமனையிலேயே குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்து, பின்னர் நோயாளியை மையத்திற்கு அனுப்புவது இதன் வழிமுறைகளுள் ஒன்றாகும். ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது.

நெஞ்சுவலி தோன்றியதும் காத்திராமல் 108 அவசர ஊர்தியை அழைப்பது, மேற்கூறிய நொதியங்கள் தம் வேலையை முடிக்குமுன் தசையைக் காக்க உதவும்.