மேற்கே பார்க்காத கழிப்பறை

மூன்று வருடங்களுக்கு முன் என் சாச்சி (சித்தி) கீழக்கரை வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு பெருநகரத்தின் ஓரத்தில் இருந்த முதியோர் குடியிருப்புக்குப் போனார். அப்போது அவருக்கு 74 வயது. ஒரே மகள் துபாயில். குடியிருப்பு சுத்தமாக இருந்தது, மருத்துவர் இருந்தார், எல்லோரும் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். நான்காவது மாதம் சாச்சி கழிப்பறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

ஏன் விழுந்தார் என்பதை மருத்துவமனையில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். "கக்கூசு கிப்லாவப் பாத்து இருக்கும்மா. நான் கோணலாத் திரும்பித்தான் ஒக்காருவேன்."

தொழுகையில் முன்னோக்கும் திசையான கிப்லா, தமிழ்நாட்டிலிருந்து மேற்கே, சற்று வடக்காகச் சாய்ந்து இருக்கிறது. மலம், சிறுநீர் கழிக்கும்போது அந்தத் திசையை முன்னோக்கியும் உட்காருவதில்லை, முதுகு காட்டியும் உட்காருவதில்லை. சுவருக்குள் இருக்கும் கழிப்பறையில் இதற்குத் தளர்வு உண்டு என்று ஷாஃபிஈ சட்டமரபின் ஆலிம்கள் சொல்வார்கள். ஹனஃபிகளிடம் அந்தத் தளர்வும் இல்லை. சாச்சி ஷாஃபிஈதான். ஆனால் எழுபது வருடமாகப் பேணிவந்த ஒன்றை ஒரு மஸ்அலாவை, மார்க்கச் சட்ட விளக்கத்தை, கேட்டு மறுநாளே விட்டுவிட மனிதரால் முடியாது. இருக்கையை வடக்கு தெற்காக வைத்திருந்தால் கேள்வியே எழுந்திருக்காது. வரைபடம் போடும்போது அதற்கு ஒரு ரூபாய்கூட ஆகாது.

முதியவர்களுக்கு வீடு கட்டுகிறவர்களும், அதில் தாய் தந்தையைக் குடிவைக்க நினைக்கிற பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். மார்க்கம் சார்ந்த தேவைகள் விளம்பரத் தாளில் இருந்தால் போதாது. அவை வரைபடத்திலும் ஒப்பந்தத்திலும் ஏற வேண்டும்.

"எங்கள் குடும்பத்தில் யாரும் முதியோர் இல்லத்துக்குப் போக மாட்டார்கள்" என்று இன்றும் சொல்லிக்கொள்கிறோம். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து தங்குவார், உம்மா கடைசிவரை மகளோடு இருப்பார். முதுமைக்கு அதைவிடப் பெரிய காப்பீட்டை நம் முன்னோர் செய்துவைக்கவில்லை. இப்போது மகளும் கணவரோடு வளைகுடாவுக்கோ சென்னைக்கோ போய்விடுகிறாள், வீடு மட்டும் அவள் பெயரில் பூட்டிக் கிடக்கிறது. தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021இல் 13.6 விழுக்காடு, 2031இல் 18.2 விழுக்காடு ஆவார்கள் என்பது மத்திய அரசின் கணிப்பு. நம் தெருக்களும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. பெற்றோரைக் கடிந்துகூடப் பேசாதே என்பது குர்ஆனின் கட்டளை. அந்தக் கட்டளையை மதிக்கிற ஒருவர், வேறு வழியில்லாதபோது நல்ல குடியிருப்பைத் தேடித் தருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தேடாமல் கண்ணில் பட்டதில் சேர்ப்பதுதான் தவறு.

கழிப்பறைக்கு அடுத்த ஆபத்து, தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் ஒளு. ஒரு நாளைக்கு ஐந்து வேளை, அதிலும் சுபுஹு எனும் அதிகாலைத் தொழுகைக்கு இருட்டில் எழுந்து, ஒற்றைக் காலில் நின்று மறுகாலைத் தூக்கிக் கைகழுவும் பீங்கானில் வைத்துக் கழுவுகிறார்கள். மூட்டு தேய்ந்த 75 வயதுக்காரர் விழுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பள்ளிவாசல் ஹவுளின் ஓரத்தில் உட்கார்ந்து ஒளு செய்தவர்கள் இவர்கள். நாற்காலி உயரத்தில் ஒரு திண்ணை, கைக்கெட்டும் குழாய், காலடியில் நீர் ஓடும் சரிவான பள்ளம், பிடித்து எழ ஒரு கம்பி, வழுக்காத தரை, கட்டிலிலிருந்து அங்குவரை இரவு விளக்கு. இவ்வளவுதான் தேவை. தனித்தனி வீட்டில் இடமில்லை என்றால் தளத்துக்கு ஒன்றாவது வைக்கலாம், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக.

பராமரிப்பாளர் விஷயத்தை மார்க்கம் தெரிந்த நிர்வாகிகள்கூட யோசிப்பதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில், மஹ்ரம் (மணமுடிக்கத் தடையுள்ள நெருங்கிய உறவு) அல்லாத ஆணும் பெண்ணும் தோலோடு தோல் பட்டால் ஒளு முறிந்துவிடும். நம் கடலோர ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈகள். ஒளு செய்துவிட்டுத் தொழப் போகிற முதியவரை ஆண் உதவியாளர் கையைப் பிடித்து அழைத்துப் போனால் ஒன்றுமில்லை, பெண் செவிலியர் பிடித்தால் அவர் திரும்பப் போய் ஒளு செய்ய வேண்டும். அதைச் சொல்ல அவருக்குக் கூச்சம், செவிலியருக்கோ விவரமே தெரியாது. ஒரு நாளில் இரண்டு முறை கூடுதலாக ஈரத் தரையில் நடப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பதே முதல் வழி. ஆள் இல்லாத நேரத்தில் கையுறை. சிறுநீர்க் குழாய் போட்டவர்கள், அடக்க முடியாதவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள் எப்படித் தொழலாம் என்பதற்கு மார்க்கத்தில் தெளிவான சலுகைகள் இருக்கின்றன. அவற்றை ஓர் ஆலிமோ ஆலிமாவோ வாரம் ஒருமுறை வந்து நேரில் சொன்னால், "என் தொழுகை கூடுமோ கூடாதோ" என்று மனதுக்குள் வதங்குகிற எத்தனையோ பேருக்கு நிம்மதி கிடைக்கும்.

சமையலறையில் ஹலால் இறைச்சி வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ரமளானில்தான் உண்மை தெரியும். சஹருக்கு அதிகாலை மூன்றரை மணிக்கு யார் அடுப்பு பற்றவைப்பது? மாலையில் நோன்புக் கஞ்சி யார் காய்ச்சுவது? சர்க்கரை நோய்க்காரர்கள் நோன்பு வைக்கலாமா என்பதை ரமளானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே மருத்துவர் ஒவ்வொருவராகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இன்சுலின் போடுகிற தளர்ந்த முதியவர், மருத்துவர் தடுத்தும் யாரிடமும் சொல்லாமல் நோன்பு பிடிப்பது நம் வீடுகளில் நடப்பதுதான். நோன்புக்குப் பதிலாக ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா அவருக்காகவே இருக்கிறது. அதைக் குடியிருப்பே வசூலித்து ஊரில் சேர்ப்பிக்க ஏற்பாடு செய்தால், நோன்பை விட்ட குற்ற உணர்வு பாதியாகக் குறையும்.

கணவனும் மனைவியும் சேர்ந்து குடியிருக்கிற இடத்தில் ஒருநாள் ஒருவர் போய்விடுவார். விதவையான பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா எனும் காத்திருப்பில் இருப்பார். சாப்பாட்டுக் கூடத்துக்கு வர மாட்டார், கூட்டங்களில் கலக்க மாட்டார். இதை மனச்சோர்வு என்று எழுதிவைத்து மருந்து கொடுக்கிற ஆபத்தும் இருக்கிறது, உண்மையான மனச்சோர்வை "இத்தாதானே" என்று கவனிக்காமல் விடுகிற ஆபத்தும் இருக்கிறது. சாப்பாடு அறைக்கே போக வேண்டும், பெண் மருத்துவர் வந்து பார்க்க வேண்டும், தினமும் ஒரு பெண்ணாவது உட்கார்ந்து பேச வேண்டும்.

இனி பணமும் சட்டமும். இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

முதலில், உங்களுக்குத் தருவது என்ன உரிமை என்று கேளுங்கள். கிரயம் செய்து விற்கிறார்களா, முன்பணம் வாங்கிக்கொண்டு ஆயுள்வரை தங்க விடுகிறார்களா, மாதக் கட்டணமா? விற்பனை என்றால், நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டி, எட்டு வீடுகளுக்கு மேலும் இருந்தால் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி ரெரா எனும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எழுத்து ஒப்பந்தம் பதிவாகாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. விளம்பரத் தாளில் காட்டிய தொழுகைக் கூடமும் பெண்கள் பகுதியும் கட்டப்படாமல் போனால் ரெராவில் முறையிட்டு இழப்பீடு கேட்கலாம், திட்டத்திலிருந்து விலகிப் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. (அந்த வட்டியை என்ன செய்வது என்பதை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உரிமையை அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை.) அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வக்ஃபு நிலத்தில் வீடு "விற்கிறோம்" என்றால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். வக்ஃபு சொத்தை யாரும் விற்க முடியாது. தங்கும் உரிமையை மட்டும் முறையான அனுமதியோடு தரலாம்.

ஆயுள்வரை தங்கும் திட்டங்களில் ஒரு வரி ஒளிந்திருக்கும்: மரணத்துக்குப் பின் வீடு நிர்வாகத்துக்கே. அப்படியானால் நீங்கள் வாங்கியது வீடு அல்ல, குடியிருக்கும் அனுமதி. விலையும் அதற்குத் தக்கதாக இருக்க வேண்டும். திரும்ப வரும் முன்பணத்துக்கு 'நாமினி' என்று ஒருவர் பெயரை எழுதச் சொல்வார்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், வாரிசு அல்ல. அந்தப் பணம் ஷரீஅத் பங்குப்படி எல்லா வாரிசுகளுக்கும் சேர வேண்டியது. வாரிசுகள் சம்மதிக்காமல் வஸிய்யத்தாகவும் (உயிலாகவும்) மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது. இதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவைத்தால் பின்னால் சண்டை வராது.

வீட்டை ஹிபாவாக (தானமாக) மகன் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, "கட்டணம் நான் கட்டுகிறேன் வாப்பா" என்ற வாக்கை நம்பிக் குடியிருப்புக்குப் போகிறவர்கள் பலர். ஏற்பும் ஒப்படைப்பும் நடந்துவிட்ட ஹிபாவைத் திரும்ப வாங்குவது நீதிமன்றத்தில் மிகக் கடினம். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் எல்லா மதத்தவருக்கும் பொருந்தும். அதன் 23ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காதபோது ரத்து செய்யக் கேட்கலாம். அந்த நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், முதியவர்களைக் காக்கும் நோக்கத்தோடு தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. தீர்ப்புகளை நம்பி இருக்காதீர்கள். கொடுப்பதானால் பத்திரத்திலேயே நிபந்தனையை எழுதிப் பதிவு செய்யுங்கள். கொடுக்காமல் கையில் வைத்திருப்பது அதைவிட நல்லது.

பிள்ளைகள் கைவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட முடியும். மகன் வெளிநாட்டில் இருப்பதால் தப்பிவிட முடியாது, அங்கேயும் அழைப்பாணை அனுப்ப வழி இருக்கிறது. பிள்ளையில்லாத மூத்தம்மாக்கள் பலருக்குத் தெரியாத ஒன்றும் இச்சட்டத்தில் உண்டு. அவர்களுடைய சொத்துக்கு வாரிசாக வரக்கூடிய உறவினரே அவர்களைப் பராமரிக்கக் கடமைப்பட்டவர். நம் வாரிசுரிமைப்படி அது பெரும்பாலும் சகோதரன் அல்லது சகோதரனின் மகன். பங்கு வாங்க வரிசையில் நிற்பவரிடம் இன்றைய செலவையும் கேட்க உரிமை இருக்கிறது.

ஒப்புக்கொண்ட சேவையைத் தராத குடியிருப்பின் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம் போதும், காரணம் எழுந்த இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும், தான் வசிக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். கொடுமை, கைவிடல் எதுவானாலும் மூத்த குடிமக்கள் உதவி எண் 14567.

ஆனால் ஆணையத்தில் "ஹலால் உணவு, மார்க்கச் சூழல்" என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு என்ன வாதிட முடியும்? சாச்சியின் 22 பக்க ஒப்பந்தத்தில் நீச்சல் குளத்துக்கு ஒரு பத்தி இருந்தது, ஒளுவுக்கு ஒரு சொல் இல்லை. இறைச்சி யாரிடம் வாங்குகிறார்கள், சஹர் உணவு எத்தனை மணிக்கு, அதற்குத் தனிக் கட்டணமா, உடல் துடைத்துவிட ஒரே பாலின உதவியாளர் இரவிலும் இருப்பாரா, ஜுமுஆவுக்கு வண்டி உண்டா என்று ஒவ்வொன்றையும் எழுதி வாங்குங்கள். தயங்கினால் அங்கேயே தெரிந்துவிடும்.

முஸ்லிம்களுக்கு மட்டும் என்று ஒரு குடியிருப்பு கட்டலாமா என்று கேட்கிறார்கள். அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டுமான வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் விதியை உச்ச நீதிமன்றம் 2005இல் ஏற்றுக்கொண்டது. அப்படிச் சங்கமாக அமைத்தால் சட்டம் தடுக்காது. ஆனாலும் நம் தேவைக்கேற்பக் கட்டிவிட்டு, அந்த ஒழுங்கு பிடித்த யாரையும் வரவேற்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. உட்கார்ந்து கால் கழுவும் திண்ணை எந்த மதத்துப் பாட்டியையும் விழாமல் காக்கும்.

மரணத்தைப் பற்றி நிர்வாகத்திடம் கேட்கப் பிள்ளைகளுக்கு வாய் வருவதில்லை. கேட்டே ஆக வேண்டும். நம் ஊர்களில் கபுருஸ்தானும் ஜனாஸாவும் மஹல்லா ஜமாஅத்தைச் சேர்ந்தவை. வேறு ஊர்க் குடியிருப்பில் ஒருவர் மவுத்தானால் எந்த ஜமாஅத் ஏற்கும்? தாமதிக்காமல் அடக்குவது நம் முறை. அந்த அவசரத்தில் ஜமாஅத்தின் அனுமதிக் கடிதத்துக்கு அலையக் கூடாது. குடியேறும்போதே அந்தப் பகுதி ஜமாஅத்தில் சந்தா கட்டிச் சேர்ந்துவிட வேண்டும், அல்லது சொந்த ஊருக்குக் கொண்டுபோகும் வண்டி ஏற்பாட்டை எழுதி வைக்க வேண்டும். குளிப்பாட்டத் தெரிந்தவர்களின் எண்கள் நிர்வாகத்திடம் இருக்க வேண்டும். குளிர்பெட்டியில் வைத்துவிட்டு மகள் வரட்டும் என்று நிர்வாகம் தானாக முடிவெடுக்கக் கூடாது.

சாச்சி இப்போது கைத்தடியோடு நடக்கிறார். ஊருக்குத் திரும்பி வந்ததும் கீழக்கரை வீட்டுக் கழிப்பறை இருக்கையையும் வடக்கே திருப்பினோம், ஒரு கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை. தனியாக இருக்க முடியாது என்பதால் போன மாதம் இன்னொரு குடியிருப்பைப் பார்க்கப் போனோம். கழிப்பறையைப் பார்த்தார், ஒளு செய்யும் இடத்தில் உட்கார்ந்து குழாயைத் திறந்து மூடினார். பிறகு மேலாளரிடம் கேட்டார்: "மய்யித்தக் குளிப்பாட்ட இங்க பொம்பளைங்க இருக்காங்களா?" விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். பதில் எழுத்தில் வந்த பிறகு முன்பணம் கட்டலாம் என்று சாச்சி சொல்லிவிட்டார்.