பல்லின் மேல் ஒரு பழி

யாழ்ப்பாணத்துத் தமிழ் இல்லங்களிலே குழந்தைக்கு முதற்பல் அரும்பியதும் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பது வழக்கம். பிறை வடிவான கொழுக்கட்டையின் விளிம்பிலே தேங்காய்ச் சொட்டுகளைப் பல்லைப்போல வெட்டிப் பதிப்பர். வெள்ளை விரித்துக் குழந்தையை அதன்மேல் இருத்தித் தலையிலே கொழுக்கட்டைகளைச் சொரிவர். ஏடும் எழுதுகோலும் பொன்னும் பிறவும் முன்னே பரப்பி, சின்னக் கை எதனைப் பற்றுகின்றது என்று சுற்றத்தார் ஆவலோடு பார்த்திருப்பர். அரிசிமணி அளவான ஒரு வெண்முளைக்கு இத்துணைச் சிறப்புச் செய்யும் நாம், அதே முளையின் மேல் அது செய்யாத குற்றங்களையும் சுமத்தி வருகின்றோம். காய்ச்சலா, பல் வருகிறது. வயிற்றோட்டமா, பல் வருகிறது. உணவு இறங்கவில்லையா, இரவில் உறக்கம் இல்லையா, எல்லாம் பல்லினால் என்கின்றோம். இந்தப் பழி எவ்வாறு வந்தது, அதனால் விளையும் தீங்கு யாது என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

குழந்தைகளை நிறுத்துப் பார்க்கும் நாளிலே, தாய் சேய் நல நிலையத்தின் வாங்கில் அமர்ந்திருக்கும் இளந்தாய்மாரின் உரையாடலைச் சற்றே செவிமடுத்துப் பாருங்கள். பல், உணவு, உறக்கம் ஆகிய மூன்றுமே அங்கு மீண்டும் மீண்டும் எழும் பொருள்கள். இந்த உரையாடலை வீண்பேச்சு என்று தள்ளிவிடக் கூடாது. தலைப்பிள்ளையைக் கையில் ஏந்தியவளுக்கு, “என்னுடைய பிள்ளையும் இப்படித்தான் இருந்தது” என்று இன்னொருத்தி சொல்லும் ஒரு சொல் பெரும் ஆறுதல். ஆயினும், ஆறுதல் வேறு. நோயின் காரணத்தைத் தீர்மானிப்பது வேறு. முன்னையது பின்னையதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போதுதான் ஆபத்து நேர்கின்றது.

எனக்குத் தெரிந்த ஓர் இல்லத்திலே நிகழ்ந்ததைச் சொல்கின்றேன். எட்டு மாதக் குழந்தை ஒன்றுக்கு வயிற்றோட்டம் கண்டது. தாய் கலங்கினாள். அயல்வீட்டு முதியவர் ஒருவர் குழந்தையின் முரசைத் தடவிப் பார்த்து, “பல்லு வரேக்கை வயித்தாலை போறது வழமைதானே பிள்ளை, பல்லு வெளியிலை வந்தால் நிண்டுடும்” என்றார். அன்பினால் சொன்ன சொல் அது, தாயும் நம்பினாள். முதல் நாள் கழிந்தது. இரண்டாம் நாளும் கழிந்தது. மூன்றாம் நாட் காலையில் குழந்தையின் கண்கள் குழிவிழுந்திருந்தன, நா வறண்டிருந்தது, அழுதபோது கண்ணீர் வரவில்லை, இரவு முதல் சிறுநீரும் கழியவில்லை. அவ்வழியே வேறொரு வீட்டுக்குச் சென்றுகொண்டிருந்த மருத்துவமாது எட்டிப் பார்த்தபடியால், குழந்தை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பிழைத்தது. ஒரு கிழமையின் பின் அதற்குப் பல்லும் முளைத்தது. அயல்வீட்டு முதியவர், “பாத்தியே, நான் சொன்னனான்தானே” என்றார்.

நேயர்களே, இந்தப் பழி தலைமுறை தலைமுறையாக நிலைத்து நிற்பதன் இரகசியம் இங்கேதான் இருக்கின்றது. ஆறாம் மாதந் தொடங்கி இரண்டரை அல்லது மூன்று வயது வரையிலே இருபது பாற்பற்கள் முளைக்கின்றன. ஆகவே அக்காலத்தில் எந்த நோய் வந்தாலும், அதற்குச் சற்று முன்னோ பின்னோ ஒரு பல் வருவது அரிதன்று. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான். காகத்தின் மேல் குற்றமில்லை.

அவ்வாறாயின், பல் முளைக்குங் காலத்திலே நோய்கள் மிகுவது ஏன்? அதற்கு மூன்று காரணங்கள் உண்டு. கருவிலிருந்தபோது தாயிடமிருந்து பெற்ற நோயெதிர்ப்புப் பொருள்கள் முதல் ஆறு மாதத்துக்குள் படிப்படியாகக் குறைந்துபோகின்றன. குழந்தையின் சொந்த எதிர்ப்புச் சக்தியோ இன்னும் முதிரவில்லை. இது முதலாவது. தவழத் தொடங்கிய குழந்தை கைக்கு எட்டியதையெல்லாம் வாயிலிடுகின்றது. நிலத்துக் கிருமிகள் வயிற்றை அடைகின்றன. இது இரண்டாவது. தாய்ப்பால் ஒன்றையே உண்ட குழந்தைக்கு அப்போதுதான் வேறு உணவும் நீரும் ஊட்டப்படுகின்றன. கிண்ணமும் கரண்டியும் ஊட்டும் கையும் தூய்மையாக இல்லாவிடின் அவ்வழியாகவும் நோய் புகுகின்றது. இது மூன்றாவது. இவை மூன்றும் பல் அரும்பும் அதே வேளையில் வந்து கூடுகின்றன. கண்ணுக்குத் தெரிவது பல் ஒன்றுதான். கிருமியை யார் கண்டார்?

இதனை ஆராய்ந்து பார்த்தவர்களும் உளர். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 125 குழந்தைகளின் பெற்றோர், நாள்தோறும் குழந்தையின் உடல் வெப்பத்தையும் ஏனைய குறிகளையும் எழுதிவந்தனர். 475 பற்கள் முளைத்த விவரம் அதிலே அடங்கியது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முடிவு யாதெனில், பல் வெளிப்படுவதற்கு நான்கு நாள் முன்னும் மூன்று நாள் பின்னும் வாய்நீர் வடிதல், கடித்தல், முரசைத் தேய்த்தல், சினத்தல், விழித்திருத்தல், கட்டியுணவில் விருப்பம் குறைதல் முதலியன சற்றே மிகலாம்; உடற்சூடும் சிறிது ஏறலாம். கடுங்காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் பல் காரணமன்று என்பதே. அவுஸ்திரேலியாவின் மெல்போண் நகரிலும் அதே ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. 21 குழந்தைகளின் வாயை நாள்தோறும் பார்த்துக் குறித்தபோது பல்லுக்கும் நோய்க்குறிகளுக்கும் தொடர்பு தென்படவில்லை. ஆயினும், அக்குழந்தைகளின் பெற்றோரைப் பின்னர் வினவியபோது, தம் குழந்தை பல் முளைத்தலால் துன்புற்றதாக எல்லோருமே கூறினர். நினைவு ஒன்றைச் சொல்கின்றது. நாட்குறிப்பு மற்றொன்றைச் சொல்கின்றது.

பல்லைப் பழிப்பது நம் நாட்டவர் மட்டும் செய்யும் பிழையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தின் மரணப் பதிவேடுகளிற் பல குழந்தைகளின் இறப்புக்குக் காரணம் ‘பல் முளைத்தல்’ என்றே எழுதப்பட்டது. அக்காலத்து வைத்தியர்கள் கத்தியால் முரசைக் கீறினர். பல் முளைக்குங் குழந்தைகளுக்கென்று விற்கப்பட்ட தூள்களிலே பாதரசங் கலந்த மருந்து இருந்தது. அவற்றை உண்ட குழந்தைகள் சிலருக்குக் கையும் காலும் சிவந்து, ஒளியைக் காணக் கூசி, ஓயாது வருந்தும் ஒரு நோய் உண்டாயிற்று. நெடுங்காலம் அதன் காரணம் விளங்கவில்லை. 1940களில் அமெரிக்க வைத்தியர் ஜோசப் வார்க்கனி என்பவர் அந்நோயினைப் பாதரசத்தோடு தொடர்புபடுத்திக் காட்டினார். 1954இல் பிரித்தானியாவின் முக்கிய உற்பத்தியாளர் அத்தூள்களிலிருந்து பாதரசத்தை நீக்கினர்; அதன் பின் அந்நோயும் அருகிப்போயிற்று. பல்லுக்கென்று கொடுத்த மருந்தே குழந்தையை வருத்தியது என்பதை இன்றைய தாய்மாரும் நினைவிற் கொள்ளல் வேண்டும். முரசை மரக்கச் செய்யும் களிம்புகள் சிலவற்றையும் குழந்தைகளுக்குப் பூசலாகாது என்று 2018இல் அமெரிக்க அதிகாரிகள் எச்சரித்துள்ளனர். தேனும் ஒரு வயது நிரம்புமுன் கூடாது. அதிலே இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, சிசுவின் தசைகளை வலுவிழக்கச் செய்யும் நோயினை உண்டாக்க வல்லது.

பின் என்ன செய்வது? நன்றாகக் கழுவிய விரலால் முரசை மெல்லத் தடவுதல் போதும். தூய துணியைக் கொதித்தாறிய நீரில் நனைத்துக் குளிரவைத்துக் கடிக்கக் கொடுக்கலாம். கழுத்திலே கட்டித் தொங்கவிடும் எதனையும் கொடுக்கலாகாது. கடினமான துண்டுகளும் தொண்டையில் அடைக்கும். வடியும் வாய்நீரை அடிக்கடி ஒற்றி எடுத்தால் நாடியிலே புண் வராது.

பல் முளைத்த குழந்தை முலையைக் கடிக்கின்றதே என்று அஞ்சிப் பாலை நிறுத்திவிடும் தாய்மார் உளர். குழந்தை சரியாகப் பற்றி உறிஞ்சும்போது அதன் நாக்கு கீழ் முரசை மூடிக்கொண்டிருக்கும். அப்போது கடிக்க இயலாது. பெரும்பாலும் பசி தீர்ந்து விளையாடத் தொடங்கும்போதுதான் கடிக்கும். அந்நேரத்திற் கூச்சலிடாது, சின்னவிரலை வாயோரத்தில் நுழைத்துப் பிடியை விடுவித்துச் சிறிது நேரம் ஓய்ந்திருந்தால், சில நாளிலே குழந்தை கற்றுக்கொள்ளும். இந்த நுட்பத்தைப் பெரும்பாலான தாய்மார் புத்தகத்தில் அன்று, வாங்கில் அருகிருந்த மற்றொரு தாயிடமே கற்கின்றனர்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் ஒன்றே போதும்; தண்ணீரும் வேண்டியதில்லை. ஆறு மாதம் நிறைந்ததும், பல் வந்தாலும் வராவிட்டாலும், சோறு தீத்தத் தொடங்க வேண்டும். பல்லில்லாத குழந்தை எப்படி உண்ணும் என்று காத்திருப்பது தவறு. மசித்த உணவுக்கு முரசே போதும். பிறக்கும்போது உடலிற் சேமித்திருந்த இரும்புச்சத்து இக்காலத்திற் குறையத் தொடங்குகின்றது. ஆகவே வடிகஞ்சி பயன் தராது. கரண்டியிலிருந்து வழிந்தோடாத பதத்திலே சோறும் பருப்பும் மசித்து, சிறிது எண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேர்த்து, கீரை, பூசணி, முட்டை, முள் நீக்கிய மீன், ஈரல் என்பவற்றை ஒவ்வொன்றாய்ப் பழக்க வேண்டும். முதலில் நாளுக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பதாம் மாதந் தொட்டு மூன்று நான்கு வேளை. தாய்ப்பாலை இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம்.

உறக்கத்திலும் பல்லின் மேல் வீண்பழி உண்டு. நான்கு மாதம் முதல் ஒரு வயது வரை, பகலுறக்கமும் சேர்த்து நாளொன்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேரம் உறங்குவது இயல்பு. ஆனால் அது ஒரே தொடராக அமைவதில்லை. ஆறு மாதத்துக்கு மேல் குழந்தை தாயின் பிரிவை உணரத் தொடங்குகின்றது. நள்ளிரவில் விழித்துத் தாயைத் தேடி அழுவது அந்த அறிவு வளர்ச்சியின் அடையாளம். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே முறையில், விளக்கைத் தணித்து, மெல்லிய தாலாட்டோடு உறங்கவைத்தால் பழக்கம் படியும். ஏணையில் ஆட்டினாலும், உறங்கியபின் உறுதியான சமதளப் படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவதே பாதுகாப்பு. தலையணையும் தடித்த போர்வையும் அருகில் வேண்டா.

இறுதியாக ஒன்றை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். வயிற்றோட்டங் கண்டால் முரசைப் பாராதீர்கள். குழந்தையின் கண்ணையும் நாவையும் பாருங்கள். ஜீவனிப் பொடியை அதன் உறையிற் குறித்த அளவு கொதித்தாறிய நீரிற் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருக்குங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிவிழுதல், சிறுநீர் குறைதல், குடிக்க மறுத்தல், மயங்கிக் கிடத்தல், மலத்தில் இரத்தம், வலிப்பு ஆகிய எதனைக் கண்டாலும் வைத்தியசாலைக்கு விரையுங்கள். காய்ச்சலையும் வெப்பமானியால் அளந்தறியுங்கள். டெங்கு உலவும் நாடு நமது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்குக் காய்ச்சல் என்றால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கப்பட்ட காலந்தொட்டு, வீடு தேடி வரும் மருத்துவமாதரின் சேவை இந்நாட்டிலே வளர்ந்து வந்திருக்கின்றது. அவர்கள் வரும்போது ஐயத்தைக் கேளுங்கள். வாங்கில் அருகிருக்கும் தாயிடம் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள். “என்னுடைய பிள்ளையும் இப்படித்தான்” என்ற ஆறுதலையும் சொல்லுங்கள். அதனோடு, “எதற்கும் ஒருமுறை காட்டிவிடு, பிள்ளை” என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள். பல் முளைக்கும்போது கொழுக்கட்டையை மகிழ்வோடு சொரிவோம். பழியை மட்டும் சொரியாதிருப்போம்.