பிட்டுக்குள் ஒரு ரவுண்டு!

கேலரியில் உட்கார்ந்து பைக் பந்தயம் பார்ப்பவருக்குக் கிடைப்பது பாதிப் பந்தயம்தான். மீதியெல்லாம் பிட் எனும் தடத்தோரப் பட்டறைக்குள், கிரீஸ் கைகளுக்கு நடுவில் நடக்கிறது. வாருங்கள், இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குள் நுழைவோம்!

ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் 3.7 கிலோமீட்டர் நீளத் தடம் இது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் வண்டி விரட்டிக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-ல் இங்கே குடிவந்தது. பந்தயக் கனவோடு திருவனந்தபுரத்தில் சென்னை மெயில் ஏறுகிற பையனும் கடைசியில் வந்து சேர்வது இங்கேதான்.

முதலில் அந்தக் குட்டி ஹோண்டாவைப் பாருங்கள். என்எஸ்எஃப்250ஆர். ஹோண்டாவின் இளையோர் பந்தயமான டேலன்ட் கப்பில் பிள்ளைகள் ஓட்டிய வண்டி. ரோட்டில் ஓட்ட முடியாது, பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டி. சிலிண்டர் பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது! நம் வீட்டு பைக்கில் புகைக்குழாய் என்ஜினுக்கு முன்னால் இறங்கி, அடியில் வளைந்து பின்னால் போகும். இதில் காற்று முன்னாலிருந்து நேராக உள்ளே பாய்கிறது, புகை நேராகப் பின்னால் வெளியேறுகிறது. ஓசூர் டிவிஎஸ் கம்பெனியின் அப்பாச்சி ஆர்ஆர்310-லும் இதே தலைகீழ் வித்தைதான். பிஎம்டபிள்யூவோடு சேர்ந்து உருவாக்கிய என்ஜின் அது. ரோட்டில் சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் அந்த வண்டி நின்றால் குனிந்து பாருங்கள், தெரியும்.

ஒன்-மேக் பந்தயத்தில் எல்லாருக்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். என்ஜினைத் திறந்து வேலை காட்ட வழியில்லை. அப்புறம் எதை மாற்றுவது? சஸ்பென்ஷனில் இரண்டு கிளிக், டயரில் கொஞ்சம் காற்று, விதி அனுமதித்தால் பின்சக்கரத்தின் ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் சுற்றும் பல்சக்கரம். ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூடினால் வளைவிலிருந்து வண்டி துள்ளிக்கொண்டு கிளம்பும். நேர்பாதையில் உச்சவேகம் குறையும். அந்த ஒரு பல்லுக்காக நடக்கும் வாக்குவாதம் இருக்கிறதே, அடடா!

1982-ல் பந்தய அணி தொடங்கிய டிவிஎஸ், 1994 முதல் ஒன்-மேக் நடத்துகிறது. வண்டி வாங்கக் காசில்லாத பையனும் கம்பெனி வண்டியில் ஏறித் தன் கைத்திறனைக் காட்டலாம். இந்தியப் பந்தயத்துக்குக் கம்பெனிகள் செய்த மிகப் பெரிய நன்மை இதுதான் என்பேன்.

கம்பெனிகள் நேருக்கு நேர் மோதும் வகுப்புகளில் கதை வேறு. தொழிற்சாலை அணிக்குப் பின்னால் ஆராய்ச்சிக் கூடமே நிற்கிறது. தனியார் அணி சொந்தப் பையிலிருந்து கார்பன் ஃபைபர் வாங்குகிறது.

உலக அளவில் இது எங்கே போய் நிற்கும் என்பதற்கு 2024 மோட்டோஜிபி சாட்சி. களத்தில் 22 வண்டிகள், அதில் 8 டுகாட்டி. 20 பந்தயங்களில் 19 டுகாட்டிக்கே! டெக்சாஸில் மட்டும் அப்ரிலியாவில் வந்த வின்யாலெஸ் தட்டிப் பறித்தார். 2016 முதல் அங்கே எல்லாருக்கும் என்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈசியூ எனும் மின்னணுப் பெட்டி ஒன்றே, மென்பொருளும் ஒன்றே. அப்படியிருந்தும் இறக்கைகளும், வண்டியைத் தரையோடு தாழ்த்தும் கருவியும், எட்டு வண்டிகளின் டேட்டா ஒரே இடத்தில் குவிவதும் சேர்ந்து மற்றவர்களை ஓரங்கட்டிவிட்டன. 2027-ல் தாழ்த்தும் கருவிக்குத் தடை, என்ஜினும் 1000 சிசியிலிருந்து 850-க்கு இறங்குகிறது. நல்ல முடிவு!

ஒரு சந்தோஷச் செய்தி தெரியுமா? பின்னாளில் டுகாட்டியில் இரண்டு முறை மோட்டோஜிபி உலகச் சாம்பியனான பஞ்ஞாயா, 2016-ல் அசென் தடத்தில் சிறிய என்ஜின் வகுப்பான மோட்டோ3 பந்தயத்தை வென்றது நம் மஹிந்திரா வண்டியில்! ஆனால் 2017 முடிவில் மஹிந்திரா விலகியதும் உலகப் பந்தயத்தில் அதன் முயற்சியே நின்றுபோனது. கம்பெனி கை கொடுத்தால் விளையாட்டு எழும், கையை எடுத்தால் விழும் என்ற நிலை மாற வேண்டும்.

ஆகவே கம்பெனிகளுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் பந்தய உதிரிபாகத் தொகுப்பையும் ஈசியூ அமைப்புகளையும் தனியார் அணிகளும் வாங்கக்கூடிய விலையில் கொடுங்கள். இந்தத் தடத்தில் ஓட்டத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமே இல்லை.