பழைய ஆயில் என்ஜினை விற்கலாமா?

பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசல் காட்டில் பருவ மழை ஏமாற்றினால் பருத்தி, மிளகாய், மல்லிப் பயிரைக் காப்பாற்றுவது கிணற்றுத் தண்ணீர்தான். மின் இணைப்பு இல்லாத கிணறுகளில் ஆயில் என்ஜினே கை கொடுக்கிறது. "பழைய என்ஜின் டீசலைக் குடிக்கிறது, எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாமா?" என்பது பலருடைய கேள்வி. அவசரப்பட வேண்டாம்.

பழைய என்ஜின்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, இங்கிலாந்தின் லிஸ்டர் என்ஜினைப் பின்பற்றி ராஜ்கோட் பட்டறைகளில் செய்த, பெரிய இரட்டைச் சக்கரம் கொண்ட மெதுவேக என்ஜின். நிமிடத்துக்கு 650 சுற்று. மற்றது, 1500 சுற்று ஓடும் சிறிய என்ஜின்.

மெதுவேக என்ஜினில் பிஸ்டன் ஓட்டம் சுமார் 14 செ.மீ. நிமிடத்துக்கு 180 மீட்டர் தூரம் பிஸ்டன் உரசி ஓடுகிறது. 11 செ.மீ. ஓட்டமுள்ள 1500 சுற்று என்ஜினில் இதுவே 330 மீட்டர். ஆகவே பழையதில் தேய்மானம் குறைவு, ஆயுள் அதிகம். ஆனால் கனமோ மிக அதிகம். டீசல் செலவில், நல்ல நிலையில் உள்ள இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 5 குதிரைத் திறன் என்ஜின் முழுப் பளுவில் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் எடுக்கும்.

அப்படியானால் டீசல் எங்கே போகிறது? பெரும்பாலும் குழாயில்தான். இரண்டரை அங்குலக் குழாயை மூன்று அங்குலமாக மாற்றினால், அதே அளவு தண்ணீருக்கு உராய்வு நஷ்டம் ஐந்தில் இரண்டு பங்காகக் குறையும். தேவையில்லாத வளைவுகளை நீக்குங்கள். அடைத்துக்கொண்ட ஃபுட் வால்வை மாற்றுங்கள். வாய்க்காலுக்கு மேல் நாலடி உயரத்தில் தண்ணீரைக் கொட்டுவது பார்க்க அழகுதான். ஆனால் மொத்த ஏற்றம் 40 அடி என்றால், அந்த நாலடிக்கே பத்தில் ஒரு பங்கு டீசல் வீண்.

என்ஜினைச் சுற்றி வரும் தண்ணீரையும் கவனியுங்கள். குளிர்ந்த தண்ணீரை அதிகமாக விட்டால் என்ஜின் சூடேறாது. டீசல் கூடும், சிலிண்டரும் தேயும். வெளியே வரும் தண்ணீரில் கையை வைத்தால் உடனே எடுக்கும் அளவு சூடு இருக்க வேண்டும். உப்புத் தண்ணீர்க் கிணறாக இருந்தால் உள்ளே படியும் உப்பை அவ்வப்போது அகற்றுவது அவசியம். கரும்புகை வந்தால் பளு அதிகம், அல்லது ஏர் ஃபில்டர், நாசில் கோளாறு. நீலப் புகை வந்தால் மசகு எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் ரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

விற்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். டாங்கியை விளிம்பு வரை நிரப்பி ஒரு மணி நேரம் ஓட்டி, மறுபடி நிரம்ப எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று அளவுங்கள். அதே நேரத்தில் 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை விநாடி என்று குறியுங்கள். ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்பது தெரிந்துவிடும். குழாயைச் சரிசெய்த பின் திரும்பவும் பாருங்கள். கணக்கு தானே பேசும்.

கடைசியாக, உயிர் சம்பந்தமான விஷயம். கோடையில் தண்ணீர் இறங்கினால் பம்பையும் இறக்க வேண்டும். பம்புக்கும் தண்ணீருக்கும் இடையே 20 அடிக்கு மேல் போனால் நன்றாக உறிஞ்சாது. எடை குறைந்த என்ஜினைக் கிணற்று மேடையில் இறக்குவது சுலபம். ஆனால் அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் வாடையும் கிடையாது. விளக்கை இறக்கிப் பார்த்தாலும் காட்டிக் கொடுக்காது. மயங்கியவரைத் தூக்க இறங்குபவரும் விழுந்துவிடுகிறார்.

ஆகவே என்ஜின் மேலேயே நிற்கட்டும். பம்பை மட்டும் இறக்கி, நீண்ட பெல்ட் போட்டு ஓட்டுங்கள். பெல்ட்டில் சிறிது சக்தி நஷ்டம்தான். இருந்தாலும் அது கொடுக்கத் தகுந்த விலை. இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால் புகைக்குழாயைக் கிணற்று விளிம்புக்கு மேல் கொண்டு வாருங்கள். ஓடும்போதும், நிறுத்திய கையோடும் யாரும் உள்ளே இறங்க வேண்டாம்.

மேலே நிற்பதற்குக் கனம் ஒரு குறையல்ல. ரிங்கும் நாசிலும் நன்றாக இருந்தால் பழைய என்ஜினை வைத்துக்கொள்ளுங்கள். புதிதுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் குழாயை மாற்றுங்கள்.