முதுமைப் பாகுபாடு

முதுமைப் பாகுபாடு என்பது ஒருவரின் திறனையும் விருப்பத்தையும் அறியாமல், நரை, தோற்சுருக்கம், கூன் முதலிய தோற்றத்தைக் கொண்டே அவரை இயலாதவர் எனக் கருதும் சமூக முற்சாய்வு ஆகும். இதற்கான ஆங்கிலச் சொல்லை அமெரிக்க உளநல மருத்துவர் இராபர்ட் பட்லர் 1969 இல் உருவாக்கினார்.

வீடு, நிலம், மருத்துவம் ஆகியன பற்றி முதியவரைக் கேளாமலே பிறர் முடிவெடுப்பது இதன் ஒரு வடிவமாகும்.

இந்தியாவில், 2007 ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டப்படி, தம் வருவாயில் வாழ இயலாத 60 வயது நிறைந்தோர் தாமே தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாம். தேனி மாவட்டத்தின் பெரியகுளம் போன்ற வருவாய்க் கோட்டங்களின் அளவில் இத்தீர்ப்பாயங்கள் அமைகின்றன. பராமரிப்புத் தொகை வழங்குமாறு பிள்ளைகளுக்கு இவை ஆணையிடலாம். எனினும், முதியவரின் சொல்லுக்குச் செவிசாய்க்கும் வழக்கம் ஆணையால் வருவதன்று.